டெய்சிக்கும் செவலிக்கும் ஒரே லேகியம்

மைசூர், நஜர்பாத்
3-8-1936

அம்மிணி சென்னம்மாவுக்கு உன் மாமன் ஜடையன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் என் பொறுப்பில் இருக்கும் நாற்பது நாய்களும் சுகம். அங்கே மார்டள்ளியில் நீயும், பிறந்த குழந்தையும், மாப்பிள்ளை மல்லப்பனும், என் அக்காவாகிய உன் அம்மா மாதேவியும், ஆடு மாடும் சுகமாக இருப்பீர்கள்.

உன் கடிதம் வந்த வேளை நான் எஜமானரோடு முக்கியமான ஆலோசனையில் இருந்தேன். என் எஜமானர் பசவராஜ அரசு என்றால் மைசூரில் தெரியாதவர் கிடையாது. காட்டு இலாகாவில் பெரிய ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பங்களாவைப் பார்த்தால் அரண்மனையின் தங்கச்சி என்றுதான் சொல்லுவாய். இங்கே எஜமானர்களை 'புத்தி' என்று கூப்பிடுவது வழக்கம். நம்ம ஊரில் புத்தி தலைக்குள் இருக்கும். இங்கே சாய்வு நாற்காலியில் படுத்துப் பேப்பர் படிக்கும். அந்தப் புத்திக்கே ஒரு சந்தேகம் வந்தால், "ஜடையனைக் கூப்பிடு" என்றுதான் உத்தரவு. நாய்களுக்கு என்ன சமைப்பது, எந்த நாய்க்கு எவ்வளவு நெய், எல்லாம் என் கையில். எனக்குக் கீழே நாலு ஆட்கள். அதில் ஒருவன் கரியப்பன். நாய்களைக் குளிப்பாட்டி, உண்ணி பிடுங்கி, கொட்டகை கழுவுகிறவன். தோட்டத்துப் பின்னறையில் பெண்டாட்டி பசம்மாவோடு இருக்கிறான். நல்லவன்தான், எழுத்து வாசனை இல்லை. நான் இரண்டாம் வகுப்பு முழுசாகப் படித்தவன். மூன்றாம் வகுப்புக்கும் ஒரு வாரம் போயிருக்கிறேன்.

நிற்க. உனக்குப் பெண் பிறந்த அதே வாரத்தில் உன் நாய் செவலியும் நாலு குட்டி போட்டது, பால் பற்றவில்லை, குட்டிகள் கத்தியபடி இருக்கின்றன என்று எழுதியிருக்கிறாய். இதற்கா கவலை! பிள்ளை பெற்றவளுக்கு நம்ம வீட்டில் என்ன கொடுப்போம்? பூண்டு லேகியம். பூண்டைப் பாலில் வேகவைத்து மசித்து, கருப்பட்டிப் பாகில் போட்டு, நல்லெண்ணெய் விட்டு, சுக்கும் மிளகும் தூவிச் சுருளச் சுருளக் கிளறுவது. நீ பிறந்தபோது அக்காவுக்குக் கிளறிய லேகியத்தில் துடுப்புப் பிடித்தவன் நான்தான். தாய்க்கு ஆகிற மருந்து நாய்க்கு ஆகாமல் போகுமா? அதுவும் பெற்றவள்தானே?

இங்கே டெய்சி என்று ஒரு வேட்டை நாய், எஜமானரின் உயிர். போன வாரம் மூன்று குட்டி போட்டாள். தேவராஜ மார்க்கெட்டில் நானே பொறுக்கி எடுத்த பூண்டு. காலையில் எலுமிச்சை அளவு ஓர் உருண்டை, சாயங்காலம் ஓர் உருண்டை. நாலாம் நாள் பால் பீய்ச்சி எதிர்ச் சுவர் நனைந்துவிட்டது! பார்க்க வந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர் தொப்பியைக் கழற்றி எனக்கு வணக்கம் வைத்தார். என்ன மருந்து என்று இங்கிலீஷில் கேட்டார். சொல்வேனா? சிரித்தேன்.

அக்கா உனக்குச் செய்துவைத்த லேகியம் வீட்டில் இருக்குமே. அதையே கொடு. குழந்தையைப் பார்க்க அடுத்த வாரமே வருகிறேன்.

இப்படிக்கு,
நாய்ச் சாலை முழுவதற்கும் மேற்பார்வை,
ஜடையன்


மார்டள்ளி
14-8-1936

மாமாவுக்குச் சென்னம்மா எழுதுவது.

அடுத்த வாரம் என்றீர்கள். அது போய்விட்டது. அடுத்த வாரத்துக்கு அடுத்த வாரமும் வந்துவிடும். குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கிவிட்டாள்; நீங்கள் வருகிறபோது நடந்து வந்து கதவு திறப்பாள்.

உங்களிடம் ஒன்று சொல்கிறேன், அம்மா காதுக்குப் போகக்கூடாது. அந்த லேகியத்தின் வாசனை எனக்கு ஆகவே ஆகாது. பெற்ற வலி மறந்துபோச்சு, லேகியம் மறக்காது. அம்மா தினமும் இரண்டு வேளை மூன்றாம் தெருவிலிருந்து வந்து, உருட்டி என் கையில் வைத்து, நான் வாயில் போடுகிறவரை நகரமாட்டாள். நான் கன்னத்தில் அடக்கிக்கொண்டு தலையாட்டிக் கொண்டிருப்பேன். உங்கள் கடிதம் வந்ததிலிருந்து எனக்கு நல்ல வழி கிடைத்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பினால், உருண்டை கட்டிலுக்கு அடியில் செவலிக்கு. கருப்பட்டி ருசிக்கு அவளும் ஒரே விழுங்கு. ஜாடி காலியாவதில் அம்மாவுக்கு ஒரே பெருமை. "பாருங்க, லேகியம் உள்ள போனதும் புள்ள மூஞ்சியில ஒரு தெளிவு வந்திருச்சு" என்று எதிர்வீட்டுக் கமலம்மாளிடம் சொல்கிறாள்.

எனக்கு வந்ததோ இல்லையோ, செவலிக்குத் தெளிவு வரவில்லை, மாமா. ஏழு நாளாகக் கொடுக்கிறேன். முதல் நாலு நாள் ஒன்றும் தெரியவில்லை. முந்தாநாளிலிருந்து சோறு வைத்தால் மோந்துவிட்டுத் திரும்பிப் படுக்கிறாள். நேற்று ஆட்டோடு காட்டுக்குப் போகவில்லை. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன், ஈறு வெளுத்த துணி மாதிரி இருக்கிறது. உங்களுக்குத் தெரியாததா? எங்களுக்கு இருப்பது பதினொரு ஆடு. பட்டிக்குப் பின்னால் காடு. சிறுத்தை வந்தால் செவலி குரைத்துத்தான் எங்களுக்குத் தெரியும். அவள் இப்படியே படுத்துவிட்டால் நாங்கள் என்ன செய்வது?

உடனே பதில் எழுதுங்க. நாற்பது நாய் இருக்கிறது என்கிறீர்களே, டெய்சி ஒருத்திக்குத்தான் பேர் வைத்தார்களா?

சென்னம்மா


மைசூர்
19-8-1936

அம்மிணி,

உன் கடிதத்தைப் படித்து விழுந்து விழுந்து சிரித்தேன். என் அக்காவையே ஏமாற்ற ஒருத்தி பிறந்தாளே என்று மெச்சினேன். பயப்படாதே. ரகசியம் காப்பதில் நான் பாறாங்கல்.

செவலிக்கு ஒன்றும் இல்லை. கண்ணேறு. நாலு குட்டியும் நிலைத்ததைப் பார்த்து எவளோ பெருமூச்சு விட்டிருக்கிறாள். உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடு. அது போக, மருந்து உள்ளே போய் அழுக்கை இளக்குகிறபோது முதலில் ஒரு சோர்வு தட்டும். சுவருக்கு வெள்ளையடிக்கும் முன்னே சுரண்டுவார்களே, அது மாதிரி. ஈறு வெளுத்தது என்றால் மருந்து போதவில்லை என்று அர்த்தம். வேளைக்கு இரண்டு உருண்டையாகக் கொடு. சும்மா சொல்லவில்லை. பன்னிரண்டு நாய்களை வைத்து ஆளுகிற அனுபவத்தில் சொல்கிறேன். முன்னே நாற்பது என்றீர்களே என்று பிடித்துக்கொள்ளாதே. மற்றவை வேட்டைக்குப் போயிருக்கின்றன.

டெய்சிக்கென்ன, ராணி மாதிரி இருக்கிறாள். ராணி எழுந்து ஓடியாடுவாளா? படுத்துத்தான் இருப்பாள். இரண்டு நாளாகச் சாரல், அதில் கொஞ்சம் அசதி. அவ்வளவுதான். இந்தக் கரியப்பன்தான் ஒரு தொந்தரவு. வேலையைப் பார்க்காமல், "ஜடையண்ணா, நாய் ஏன் இப்படி மூச்சு வாங்குது?" என்று வந்து வந்து நிற்கிறான். "அது யோசிக்குதடா, உனக்குத்தான் அந்தப் பழக்கம் இல்லை" என்று விரட்டினேன்.

வருகிறேன் என்றேன், வருவேன். தசராவுக்கு யானைகளுக்கு நடை பழக்குகிறார்கள். அதற்கு என் யோசனையும் கேட்கிறார்கள். அதுதான் தாமதம்.

இப்படிக்கு,
மேற்பார்வை ஜடையன்


மார்டள்ளி
27-8-1936

மாமா,

நீங்கள் சொன்னபடி இரண்டு நாள் இரண்டிரண்டு உருண்டையாகக் கொடுத்தேன். மூன்றாம் நாள் செவலி பட்டி ஓரத்தில் ஒன்றுக்குப் போனாள். காப்பித் தண்ணி மாதிரி இருந்தது. நான் கத்தியதில் குழந்தை முழித்துக்கொண்டது.

அன்றைக்குச் சாயங்காலமே சிறுத்தை வந்தது. ஆடுகளை ஓட்டிவந்து பட்டியில் அடைக்கிறபோது, பின்பக்க வேலியோடு ஒன்றைக் கவ்விக்கொண்டு போய்விட்டது. செவலி பார்த்தாள் மாமா. எழுந்திருக்கப் பார்த்தாள். முன்கால் நின்றது, பின்கால் நிற்கவில்லை. படுத்தபடியே இரண்டு தடவை குரைத்தாள், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி. சினை ஆடு போய்விட்டது.

அவருக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. ஒன்றை மட்டும் எழுதுகிறேன். "உங்க மாமனக் கூட்டியாந்து பட்டி வாசல்ல கட்டிப் போடு. வாயும் ஓயாது, சிறுத்தையும் அண்டாது" என்றார்.

நான் உட்கார்ந்து யோசித்தேன். எங்கள் சோறுதான் அடுத்த காட்டு மாதப்பன் வீட்டு நாயும் தின்னுகிறது. அது ஓடியாடித்தான் இருக்கிறது. எங்கள் தண்ணீர்தான் அதற்கும். கண்ணேறு என்றால் குட்டிகளைத்தானே முதலில் பிடிக்க வேண்டும்? நாலு குட்டியில் மூன்று என் சேலையைக் கடித்து இழுக்கின்றன. மிச்சமுள்ள வெள்ளைக் குட்டி மட்டும் சுருண்டு கிடக்கிறது. அதுதான் எப்போதும் ஓடிப்போய், செவலி தின்ற இடத்தில் ஒட்டிய லேகியத்தை நக்கும்.

லேகியத்தை நிறுத்திவிட்டேன். அம்மா வந்தால் இப்போது முந்தானையில் முடிந்து, பிறகு சாணிக் குழியில் போடுகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். டெய்சி எப்படி இருக்கிறாள்? யானை வேண்டாம், துரை வேண்டாம். ஒரே வரியில் எழுதுங்க.

சென்னம்மா


மைசூர்
1-9-1936

அம்மிணி,

ஆடு போனதற்கு மிகவும் வருத்தப்பட்டேன். மாப்பிள்ளை சொன்னதை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. பட்டி வாசலில் நான் நின்றால் சிறுத்தை அண்டாது என்பது உண்மைதானே.

இங்கே ஊரே தடபுடலாக இருக்கிறது. தெருவெல்லாம் சுண்ணாம்பு. அரண்மனைப் பக்கம் விளக்குக் கோக்கிறார்கள். நேற்றுக் குக்கரஹள்ளி ஏரியை மூன்று சுற்றுச் சுற்றினேன். காரணம் ஒன்றும் இல்லை, காலுக்கு நல்லது. இன்றைக்கும் இரண்டு சுற்று. உட்கார்ந்தால் உட்கார முடியவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. மைசூர்த் தண்ணீர் இந்த மாதத்தில் கொஞ்சம் கனம்.

எதையோ கேட்டிருந்தாயே. ஆமாம், எழுதுகிறேன். அதற்கு முன்னால் ஒரு சங்கதி. இங்கே இருக்கிற நாலைந்து நாய்களில் ஒன்றுக்கு உடம்பு சுகமில்லை என்று வைத்துக்கொள். எது என்பது முக்கியமில்லை. எஜமானர் பார்த்தார். கொட்டகையில் பினாயில் நாற்றம். கரியப்பன் பினாயில் விட்டுத்தான் கழுவுவான். தட்டில் பினாயில் பட்டு, நாய் அதை நக்கிவிட்டது என்று எஜமானர் முடிவு கட்டிவிட்டார். கரியப்பன் சாமி மேல் சத்தியம் செய்தான். "தட்ட நான் தொடறதே இல்ல புத்தி, தட்டு ஜடையண்ணன் பொறுப்பு" என்றான். எஜமானர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். ஒரு பல்லி இருந்தது.

பதினைந்து நாளில் பின்னறையைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை, அம்மிணி. கரியப்பன்தான் செய்தான் என்று நான் சொல்லவே இல்லை, அதை நீ நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும். என்னை யாரும் கேட்கவும் இல்லை. கேட்காததற்குப் பதில் சொல்வது மரியாதையா?

பசம்மா இப்போது என்னைக் கண்டால் முக்காட்டை இழுத்து மூடிக்கொள்கிறாள்.

யானை ஒன்று நேற்றுச் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடியது. நான்தான் பிடித்துக் கட்டினேன். மற்றவை நேரில்.

ஜடையன்


மார்டள்ளி
8-9-1936

மாமா,

ஒரு வரி கேட்டேன். நீங்கள் ஏரியை ஐந்து சுற்றுச் சுற்றிவிட்டு ஒரு யானையையும் பிடித்துக் கட்டியிருக்கிறீர்கள். புரிந்துவிட்டது.

வெள்ளைக் குட்டி வெள்ளிக்கிழமை செத்துப்போச்சு. முருங்கை மரத்தடியில் அவர்தான் குழி வெட்டினார்.

செவலி நேற்று எழுந்தாள். லேகியம் நிறுத்திப் பதினைந்து நாள் ஆகிறது. ஈரல் வேகவைத்த தண்ணீரையும் கேழ்வரகுக் கூழையும் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினேன். ஈறு இன்னும் வெளுப்புத்தான், ஓரத்தில் மட்டும் சிவப்பு எட்டிப் பார்க்கிறது. வேறு மருந்து ஒன்றுமே கொடுக்கவில்லை. நிறுத்தினேன், எழுந்தாள். இதற்கு மேல் உங்களுக்கு என்ன அத்தாட்சி வேண்டும்?

இன்னொன்றும் கேளுங்க. உங்கள் முதல் கடிதத்தை நான் சும்மா இருக்கமுடியாமல் கமலம்மாளுக்குப் படித்துக் காட்டினேன், துரை தொப்பி கழற்றிய இடத்தை இரண்டு தடவை. அவள் வீட்டு நாய்க்கும் உருண்டை போய்க்கொண்டு இருந்திருக்கிறது. "மைசூர் வைத்தியம்" என்று அவள் நாத்தனாருக்கும் சொல்லியிருக்கிறாள். நேற்றுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் நிறுத்திவிட்டு வந்தேன். ஒருத்தி கேட்டாள், "பெரிய எடத்துல குடுக்கறதுதானுங்களே?" என்று. நான் என்ன சொல்ல? என் மாமா சொன்னது பொய் என்று நாலு வாசலில் நின்று சொன்னேன். எனக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று பாருங்க.

போன வருஷம் உங்களுக்கு விஷக் காய்ச்சல் வந்தபோது பசம்மாதான் பதினொரு நாள் கஞ்சி ஊற்றினாள் என்று நீங்களே எழுதினீர்கள். அந்தக் கடிதத்தில் ஒரு பொய்யும் இல்லை. காய்ச்சலில் பொய் சொல்லத் தெம்பு இருந்திருக்காது. அந்த அம்மாளா வீட்டைக் காலி பண்ண வேண்டும்?

எஜமானரிடம் போய்ச் சொல்லுங்க. உங்களுக்கு வாய் வராவிட்டால் நான் எழுதுகிறேன். உறை வாங்கமாட்டேன், கார்டில் எழுதுவேன். கொள்ளேகால் தபாலாபீசிலிருந்து நஜர்பாத் வரை எல்லோரும் படிக்கட்டும்.

டெய்சிக்கு இன்னும் லேகியம் கொடுத்துக்கொண்டிருந்தால், இதைப் படித்த இடத்திலேயே எழுந்துபோய் ஜாடியைக் கவிழ்த்துவிடுங்க.

சென்னம்மா


மைசூர்
14-9-1936

அம்மிணி,

ஜாடியைக் கவிழ்த்துவிட்டேன். உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. படித்த இடத்திலேயே எழுந்தேன்.

அதுவரை கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன். நீ ஈறு வெளுத்தது என்று எழுதியபோதே டெய்சியின் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். வெளுத்துத்தான் இருந்தது. நிறுத்தினால் லேகியம்தான் காரணம் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும். அதனால் நிறுத்தாமல் பாதியாகக் குறைத்தேன். அவள் விழுங்கமாட்டேன் என்றாள், நான் தாடையைப் பிடித்துக்கொண்டேன். இதை எழுதுகிற கைதான் பிடித்தது.

சனிக்கிழமை காலையில் மாட்டாஸ்பத்திரி டாக்டரை எஜமானர் வரவழைத்திருந்தார். கொட்டகை வாசலில் எஜமானர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பின்னறையில் பசம்மா சாமான் கட்டிக்கொண்டிருந்தாள். நான் போய் நின்றேன். நேராகச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். வாய் திறந்தால் வேறு வருகிறது.

"புத்தி, நேத்து சாமுண்டியம்மா கனவுல வந்து..." என்றேன்.

"கனவ விடு ஜடையா. என்ன வேணும்?"

"கரியப்பன் மேல தப்பு இல்ல புத்தி."

"அத அம்மா சொன்னாளா, நீ சொல்றியா?"

அதற்குள் டாக்டர் டெய்சியின் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, "பினாயில் பட்டிருந்தா வாயெல்லாம் வெந்திருக்கும். இங்க ஒரு புண்கூட இல்ல. இது ரத்தம் கெட்டுப்போன கேஸ். இதுக்கு என்ன போடறீங்க?" என்றார்.

"சோறு, எலும்பு ரசம், நெய்."

"அப்புறம்?"

"அப்புறம் நெய்தாங்க."

"நெய் சொல்லியாச்சு."

"ஒரு லேகியம்ங்க. இமயமலை மூலிகை..."

டாக்டர் குனிந்து டெய்சியின் வாயை மோந்தார். "இமயமலையில பூண்டு விளையுதா?" என்றார். கரியப்பன்கூடச் சிரிக்கவில்லை.

சொல்லிவிட்டேன், அம்மிணி. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிறது, என் அக்கா கைப்பக்குவம், நாய்க்கும் ஆகும் என்று நானே நினைத்தது, எல்லாம். டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "வெங்காயம் தின்ன நாய்க்கு ரத்தம் கரைஞ்சு மூத்திரத்துல போகுதுன்னு இப்பத்தான் புஸ்தகத்துல வருது. பூண்டு அதுக்குத் தம்பி. மனுஷனுக்கு மருந்து, நாய்க்கு விஷம். அதுவும் உடனே தெரியாது, தினம் கொஞ்சம் கொஞ்சமா ஏறும். எத்தனை நாளாக் குடுத்த?"

"நாற்பது நாளுக்கு மேலங்க."

உனக்கு எழுதினதில் அந்த நாற்பது ஒன்றுதான் நிஜமாயிற்று.

எஜமானர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எழுதுவதற்கு ஏதாவது இருந்திருக்கும். பேப்பரை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "கரியப்பா, நாயும் தட்டும் இனி உன் பொறுப்பு. நீ எங்கயும் போக வேண்டாம். இவன் கை அடுப்புப் பக்கம் போகக்கூடாது. டெய்சி எழுந்திருக்கிற வரைக்கும் நீ சொல்ற வேலையச் செய்யட்டும். எழுந்திருக்கலன்னா..."

பசம்மா என் எதிரே மூட்டையை அவிழ்த்து, பாத்திரங்களை ஒவ்வொன்றாக வெளியே வைத்தாள். ஒவ்வொன்றும் வைக்கிறபோது ஒரு சத்தம். அத்தனை சத்தமும் எனக்குத்தான்.

இன்னும் கொஞ்சம் இருக்கிறது. இங்கே நாற்பது நாய் இல்லை. பன்னிரண்டும் இல்லை. நாலைந்தும் இல்லை. டெய்சி ஒருத்திதான். துரை வந்தது உண்மை. தொப்பியைக் கழற்றியது வெயிலுக்கு. எனக்குக் கீழே ஆள் கிடையாது. கரியப்பன் எனக்குக் கீழ் இருந்ததும் கிடையாது. இப்போது நான் அவனுக்குக் கீழ். குட்டி மூன்றில் ஒன்று போய்விட்டது. லேகியத்தாலா, பால் இல்லாமலா என்று டாக்டர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நீ எழுதிய ஈரல் தண்ணீரைக் கரியப்பனிடம் சொன்னேன். டாக்டரும் சரி என்றார். அவன் காய்ச்சுகிறான். நான் கரண்டியில் ஊட்டுகிறேன். பாதி வழிகிறது.

உன் வெள்ளைக் குட்டியைப் பற்றி எழுதத் தெரியவில்லை.

ஜடையன்


மார்டள்ளி
20-9-1936

மாமா,

உங்கள் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்துவிட்டு, "இதுல எவ்வளவு தள்ளணும்?" என்றார். வழக்கமாகப் பாதிக்கு மேல் தள்ளிவிடுவோம். இதில் சாமுண்டியம்மாவை மட்டும் தள்ளுங்க என்றேன். மற்றது நிற்கட்டும் என்றார்.

அம்மாவுக்கு எல்லாம் தெரிந்துபோச்சு. கமலம்மாள் வாய்க்கு யார் பூட்டுப் போடுவது? அம்மா அழுவாள், திட்டுவாள் என்று பார்த்தேன். அன்றைக்கே புதுசாக ஒரு ஜாடி கிளறிக்கொண்டு வந்துவிட்டாள். இப்போது என் எதிரில் உட்கார்ந்து, விழுங்கினதும் வாயைத் திறந்து காட்டச் சொல்கிறாள். செவலி வாசனை பட்டதும் எழுந்து வெளியே போய்விடுகிறாள். அவளுக்கு இருக்கிற சுதந்திரம் எனக்கு இல்லை. இது என் தலையெழுத்து, நீங்கள் எழுதியது.

செவலி நேற்றுப் பட்டிவரை நடந்தாள். ராத்திரிக் காவலுக்கு இன்னும் ஆகவில்லை. அவரும் மாதப்பனும் முறை வைத்துத் தீப்பந்தத்தோடு உட்காருகிறார்கள். பத்து ஆடு இருக்கிறது.

கோபம் போய்விட்டது என்று எழுதமாட்டேன். முருங்கை மரத்தைப் பார்க்கிறபோதெல்லாம் வருகிறது. ஆனால் அந்த உருண்டையைக் கட்டிலுக்கு அடியில் போட்டது என் கைதானே. எனக்குக் கசந்ததை அவளுக்குத் தள்ளினேன். உங்கள் கடிதம் வராவிட்டாலும் ஒருநாள் தள்ளியிருப்பேனோ என்னவோ. இதை உங்களிடம்தான் சொல்ல முடிகிறது.

டெய்சி எழுந்தால் எழுதுங்க. எழுந்திருக்காவிட்டாலும் எழுதுங்க. எதுவானாலும் சாட்சியோடு எழுதுங்க, இல்லாவிட்டால் அவர் தள்ளிவிடுவார். வேலை போனால் நேரே இங்கே வாங்க. பட்டி வாசலில் கட்டிப் போடமாட்டோம்.

சென்னம்மா


மைசூர்
29-9-1936

அம்மிணி,

டெய்சி இன்று காலை எழுந்து மூன்று அடி நடந்தாள். பத்து என்று எழுதத்தான் கை போயிற்று. மூன்றுதான். எண்ணியவன் கரியப்பன், கீழே இருப்பது அவன் கைநாட்டு.

ஜடையன்